சாய்ந்து உறைந்த எண்ணெய்

அத்தியாயம் ஐந்து

தேங்காய் எண்ணெய் உறையும் என்பது இருளப்பனுக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. ஈப்போவில் பிறந்து ஈப்போவிலேயே டாக்சி ஓட்டிய ஆள். அந்த ஊர்ச் சூட்டில் எண்ணெய் எப்போதும் எண்ணெயாகத்தான் இருக்கும். மலைமேல் கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடைக்கு மேலே எடுத்திருந்த அறையில், காலையில் எழுந்ததும் போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

“மேடம், கடைக்காரன் மெழுகுவத்திய உருக்கி ஊத்தி நம்ம தலையில கட்டிட்டான்.”

“இங்க எல்லார் வீட்லயும் அப்படித்தான். வெயில்ல வை, இல்ல அடுப்போரமா வை” என்றாள் நீலாவதி, திரும்பிப் பார்க்காமலே.

“வெயிலா? இந்த ஊருக்கு அது வர்றதுண்டா லா?”

நீலாவதி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பத்து வருஷம் போலீஸில் சார்ஜன்ட்டாக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, ஈப்போவில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். மூன்று வருஷமாக அவளுக்குக் காரோட்டியும் உதவியாளும் இருளப்பன்தான். அவன் பேசும் பத்துக்கு ஒன்றுக்குப் பதில் சொன்னால் அதுவே பெரிது. இன்றைக்கு அந்த ஒன்றும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. இன்று மத்தியானம் சாம்பசிவத்தை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கீழே கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கொலை என்று எழுதியாகிவிட்டது. கொலை என்று எழுதினால் கடைசியில் கயிறுதான்.

விஷயம் இதுதான். கிளென்வுட் எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் பேட்டரியில் ஓடும் வண்டி ஒன்று இருந்தது. தேயிலைக்கு எந்த வாடையையும் உடனே பிடித்துக்கொள்ளும் குணம். டீசல் லோரியைப் பக்கத்தில் விட்டால் தூளில் டீசல் மணக்கும். அதற்காகவே சீமையிலிருந்து துரை தருவித்த வண்டி அது. அதை ஓட்டுவதும், சாயங்காலம் கொட்டகையில் சார்ஜில் போடுவதும், காலையில் கழற்றுவதும் கந்தசாமியின் வேலை. போன வாரம் ஒரு காலையில் அவன் சார்ஜர் கிளிப்பைக் கழற்றியபோது பேட்டரி வெடித்தது. கொட்டகை தீப்பிடித்தது. கந்தசாமி அங்கேயே முடிந்துபோனான்.

பேட்டரியின் சூட்டைப் பார்த்துச் சார்ஜரை நிறுத்த அதற்குள் ஒரு சென்சார் உண்டு. சூட்டுக்கம்பி என்பார்கள் ஃபேக்டரி ஆட்கள். அதன் வயர் அறுக்கப்பட்டிருந்தது. ஃபேக்டரி வயர்மேன் சாம்பசிவம், இரண்டு நாளைக்கு முன்னால் அத்தனை பேர் காதிலும் விழும்படி கந்தசாமியைப் பார்த்து, “நீ செத்துத்தான் போவே” என்று கத்தியிருந்தான். போலீஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாம்பசிவமோ, பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து “நான் அறுக்கல” என்ற ஒரே வார்த்தையைத் தவிர வாயைத் திறக்கவில்லை.

செத்தவன், சாம்பசிவத்தின் சொந்தத் தங்கை செல்லத்தின் புருஷன்.

அந்தச் செல்லம்தான் ஈப்போவுக்கு பஸ் ஏறி வந்து நீலாவதியைக் கூட்டிவந்தவள். காலையில் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. வாசலில் நின்றுகொண்டே பேசினாள். தலை காய்ந்து, சீவாமல், முடி முகத்தில் விழுந்து கிடந்தது.

“அவன் செஞ்சிருந்தான்னா தூக்குல தொங்கட்டும்மா. நான் அழமாட்டேன். செய்யலைன்னா, என் கையால அவனுக்குச் சோறு போடணும். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டா தாங்கிக்குவியா?” என்று கேட்டாள் நீலாவதி.

“தெரியாம இருக்கறதத்தான் தாங்க முடியல.”

அவர்கள் திரும்பியபோது பின்னாலேயே வந்தாள். “கொட்டகையில அவரு சாமான் ஏதாச்சும் கெடந்தா எடுத்துட்டு வந்து குடுங்கண்ணே. டார்ச்லைட்டு, சோத்து டப்பா, என் எண்ணெ போத்தல். போலீஸ்காரங்க ஒண்ணும் தரல.”

“கண்டிப்பா பாக்குறேன் தங்கச்சி” என்றான் இருளப்பன். அப்போது அது அவனுக்கு ஒரு சாதாரண வாக்காகத்தான் இருந்தது.

கொட்டகைச் சாவி டீ மேக்கர் நாகப்பனிடம் இருந்தது. ஃபேக்டரியில் கொழுந்து வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை அவர் வைத்ததுதான் சட்டம். கம்பளிக் கோட்டும் மப்ளருமாக வந்து பூட்டைத் திறந்துவிட்டார்.

“வெடிச்ச அன்னைக்கு தீய அணைச்சதும் நாந்தான் மேடம் பூட்டுனேன். போலீஸ் வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகல” என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“உங்ககிட்ட மட்டுந்தான் சாவியா?”

“என்கிட்ட மட்டுந்தான்.”

உள்ளே கரி வாடையும் ஆசிட் வாடையும் சேர்ந்து மூக்கை எரித்தன. வண்டியின் முன்பாதி முழுதாக இருந்தது. பேட்டரிப் பெட்டியின் மூடி பிளந்து, செல்கள் சில வாயைத் திறந்து கிடந்தன. தரையில் ஓரிடத்தில் யாரோ சாம்பிராணி கொளுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருளப்பன் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனான்.

பெட்டிக்குள் கிடந்த சூட்டுக்கம்பியை நாகப்பனே எடுத்துக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குச்சி. அதிலிருந்து இரண்டு முழம் வயர். வயரின் மறுமுனை அறுபட்டிருந்தது. மீதி வயர் சுவரிலிருந்த சார்ஜரிலிருந்து தொங்கியது.

“இங்கதான் கெடந்துச்சு. மச்சான்காரன் பண்ணுன வேலை” என்றார். அதற்குள் ஃபேக்டரிக்குள்ளிருந்து யாரோ கூப்பிட, “கொழுந்து புளிச்சுடும்” என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

நீலாவதி, ஃபேக்டரியில் கேட்டு வாங்கி வைத்திருந்த சாம்பசிவத்தின் கருவிப் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்து, கம்பியின் வயரில் மாட்டினாள். புறப்படுமுன் ஈப்போ பேட்டரிக் கடைக்காரர் ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

“உன் ஃபிளாஸ்க்ல டீ இருக்கா?”

“இருக்கு மேடம். நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்லியிருக்கேனா?”

டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. கம்பியை அதில் முக்கினாள். மீட்டரின் முள் விறுவிறுவென்று ஒரு பக்கம் போனது. எடுத்துக் குழாய்த் தண்ணீரில் முக்கினாள். முள் நிதானமாக மறுபக்கம் வந்தது. இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கம்பி ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

“சூடு ஏறினா மின்சாரத்த லேசா விடும். குளுந்தா பிடிச்சு நிறுத்தும். அத வச்சுத்தான் சார்ஜர் சூட்டப் புரிஞ்சுக்குது. கம்பி நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப வயர அறுத்தா?”

“ஒண்ணுமே வராது. சார்ஜர் என்ன நினைக்கும்? பேட்டரி ரொம்பக் குளுந்து கெடக்குன்னு நினைச்சு, மேல மேல ஏத்திக்கிட்டே இருக்கும். பேட்டரி கொதிச்சு வாயு கிளம்பும். மூடி போட்ட பெட்டி. காலையில வந்து கிளிப்பக் கழட்டினா ஒரு பொறி. அது போதும்.”

“அப்ப போலீஸ் சொல்றது சரிதானா?” இருளப்பன் கையில் டீ மூடியை வைத்துக்கொண்டு நின்றான். “இத இனிமே நான் குடிக்கலாமா மேடம்?”

“குடிச்சா உனக்கும் சார்ஜ் ஏறும். கீழ ஊத்திட்டு இங்க வா. இந்த நுனியப் பாரு.”

பார்த்தான். வயரின் மேலுறை முழுக்கக் கரி. தொட்டால் கை கறுத்தது. ஆனால் அறுபட்ட இடத்தில் செம்பு பளபளவென்று புதுக் காசு மாதிரி மின்னியது. சார்ஜர் பக்கத்து நுனியும் அப்படித்தான்.

இருளப்பன் இரண்டு நுனிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “தீயில கெடந்த வயரு, நுனி மட்டும் குளிச்சுட்டு வந்திருக்கு.”

“தீ அணைஞ்ச பிறகு அறுத்திருக்காங்க. அப்ப கொட்டகை பூட்டியிருந்துச்சு. ஈ காக்கா உள்ள போகல.”

இருவரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். பனி மட்டும்தான் நின்றது.

இருளப்பனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சாம்பசிவம் தப்பித்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான். “கெளம்பலாமா மேடம்? மத்தியானத்துக்குள்ள ஸ்டேஷனுக்குப் போயிடலாம்.”

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு. தீக்குப் பின்னாலதான் வயர அறுத்தாங்கன்னா, வெடிக்கும்போது கம்பி முழுசா இருந்திருக்கு. நல்ல கம்பி. அது ஏன் சார்ஜர நிறுத்தல?”

நீலாவதி சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வெள்ளையடித்த சுவர் முழுக்கக் கரி படிந்திருந்தது. ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றாள். ஆள் நுழைய முடியாத இடுக்கோடு கண்ணாடிச் சட்டங்கள் எப்போதும் திறந்தே கிடக்கும் ஜன்னல். அதையொட்டி ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே, கறுத்த சுவரில், வெள்ளையாக ஒரு கோடு வளைந்து இறங்கி, விரல் நீளத்தில் தடித்து முடிந்தது.

இருளப்பன் தானாகவே கம்பியைத் தூக்கிக்கொண்டு போய் ஆணியில் மாட்டினான். வயர் அந்த வளைவில் அப்படியே உட்கார்ந்தது. குச்சி அந்தத் தடித்த இடத்தை மூடிக்கொண்டது. கரி படிந்தபோது அந்த இடத்தை மறைத்துக்கொண்டு தொங்கியது இதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

“காய்ச்சல்காரன் வாயில வைக்க வேண்டியத ஜன்னல்ல மாட்டிட்டு, ஒடம்பு சில்லுன்னு இருக்குன்னு சொல்லியிருக்காங்க” என்றான். அவனே எதிர்பார்த்த அளவுக்கு அது வேடிக்கையாக இல்லை.

“ராத்திரி முழுக்க மலைப் பனி அதுமேல அடிச்சிருக்கு. கம்பி உண்மையத்தான் சொல்லியிருக்கு. ஜன்னலோட சூட்ட.”

“நாகப்பன்தான் மேடம். கொழுந்து சீசன். சூடு ஏறி சார்ஜர்ல செவப்பு லைட்டு வந்து சார்ஜ் நின்னா, காலையில வண்டி பாதி வழியில படுத்துக்கும். அதான் கம்பியக் கழட்டி மாட்டியிருப்பாரு.”

“இருக்கலாம்” என்றாள். அவளுடைய ‘இருக்கலாம்’ என்பதற்கு ‘இல்லை’ என்று பொருள் என்பது அவனுக்கு மூன்று வருஷப் பழக்கத்தில் தெரியும்.

அவள் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, செல்லத்துக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றப் போனான். மூலையில் காலிக் கொழுந்துச் சாக்குகள் பாதி எரிந்து குவிந்திருந்தன. அவற்றைப் புரட்டியதில் டார்ச்லைட் கிடைத்தது. சோத்து டப்பா நசுங்கிக் கிடந்தது. அடியில், எரியாத ஈரச் சாக்குகளுக்கு நடுவே, தட்டையான ஒரு பிராந்தி போத்தல் சரிந்து கிடந்தது. உடையவில்லை. வாயில் நீலப்பூப் போட்ட சேலைத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது.

“மேடம், நம்ம ஆளு ராவா அடிக்கிறவரு போல.”

சொல்லி முடிப்பதற்குள் வெட்கப்பட்டான். உள்ளே பிராந்தி இல்லை. வெள்ளையாக இறுகிய எண்ணெய். மூக்கருகே கொண்டுபோனால், லேசாக வெந்தயமும் கறிவேப்பிலையும் மணத்தன.

“என் எண்ணெ போத்தல்னு அந்தப் பொண்ணு சொன்னது இதுதான்.”

நிமிர்த்திப் பிடித்தான். நீலாவதி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையில உன் போத்தல்ல எண்ணெ எப்படி இருந்துச்சு?”

“கல்லு மாதிரி. அதான் சொன்னேனே.”

“அது இல்ல. மேல்மட்டம்?”

“மட்டமா, நேரா இருந்துச்சு. தட்டுல உறைஞ்ச ஆட்டுக்கொழுப்பு மாதிரி.”

“இது?”

அப்போதுதான் பார்த்தான். போத்தல் நேராக நின்றது. உள்ளே எண்ணெய் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் கழுத்து வரை ஏறி, மறுபக்கம் பாதிக்கு இறங்கி, வெட்டிவிட்ட மலைச்சரிவாக இறுகியிருந்தது. போத்தலைச் சாக்கில் கிடந்தபடி சரித்தால்தான் அந்த மட்டம் நேரானது.

“இங்க வந்து விழும்போது இது தண்ணியா இருந்திருக்கு” என்றான். குரல் இறங்கிவிட்டது. “விழுந்த பிறகுதான் உறைஞ்சிருக்கு.”

“சுத்தியிருந்த சாக்கு எரியல, தீ இத உருக்கல. இந்தக் குளிர்ல, விடியக்காலையில, எண்ணெ தண்ணியா இருக்கணும்னா, எங்கேயோ நல்ல சூட்டுல உக்காந்திருந்திருக்கணும்.”

நீலாவதி போத்தலை வாங்கி, பேட்டரிப் பெட்டிக்கு வந்தாள். இரண்டு வரிசைச் செல்களுக்கு நடுவே, சூட்டுக்கம்பியைச் சொருகி வைப்பதற்கென்று மூன்று விரல் அகலத்தில் ஒரு தகரக் கூடு இருந்தது. பெட்டியிலேயே மிகச் சூடான இடம் அது. அங்கே இருந்தால்தானே கம்பி சரியாகச் சொல்லும். அவள் போத்தலை அதில் இறக்கினாள். உராயாமல், ஆடாமல், அளவெடுத்துச் செய்தது போல உள்ளே போய் உட்கார்ந்தது.

இருளப்பனுக்குச் செல்லத்தின் காய்ந்த தலைதான் ஞாபகம் வந்தது.

“ஃபோட்டோ எடு. சாய்வு தெரியற மாதிரி. ஆணி, சுவரு, வயரு நுனி, எல்லாத்தையும் எடு” என்றாள் நீலாவதி.

நாகப்பன் திரும்பி வந்தபோது, சூட்டுக்கம்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் மப்ளரைத் தளர்த்திக்கொண்டார்.

“அறுத்தது நீங்க” என்றாள் நீலாவதி. “அத மறுக்க வேணாம். சாவி உங்ககிட்ட மட்டும்தான். ஆணியில மாட்டினது யாரு?”

அவர் சார்ஜர் மேல் கையை ஊன்றிக்கொண்டார். “நான் இல்ல மேடம். சத்தியமா நான் இல்ல. கந்தசாமிதான். கம்பிய எடுத்துட்டு அந்தக் கூட்டுல எண்ணெ போத்தல வைப்பான். நான் ரெண்டு மூணு தடவ பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“செவப்பு லைட்டு வராம இருந்துச்சு. வண்டி ஒழுங்கா ஓடுச்சு. துரை ஏன் கொழுந்து லேட்டுன்னு கேக்கல. நானும் கேக்கல.”

“வெடிச்ச பிறகு?”

“ஆணியில கம்பி தொங்குறத துரை பாத்தா, டீ மேக்கர் என்ன கிழிச்சான்னு கேப்பாரு. வேலையும் போகும், வீடும் போகும். மச்சானும் மச்சானும் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். அறுத்து உள்ள போட்டுட்டேன். சாம்பசிவம் வாயத் தொறந்து சொல்லிடுவான்னு தெனம் பயந்துக்கிட்டு இருந்தேன். அவன் சொல்லவே இல்ல. ஏன்னு எனக்கும் தெரியல.”

“ஒரு ஆள் தூக்குல தொங்கியிருப்பான்யா” என்றான் இருளப்பன். நாகப்பனை முன்சீட்டில் உட்காரவைத்துக் காரை எடுத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பயணிக்கு ‘ஏறுங்க’ என்று சொல்லக்கூட இருளப்பனுக்கு மனம் வரவில்லை.

கோலா தெர்லா வளைவில் முட்டைக்கோஸ் லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஜீப் புறப்படுவதற்குச் சற்று முன்னால்தான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் ராதாகிருஷ்ணன், நீலாவதியோடு ஒரு காலத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர். வயர் நுனியைப் பார்த்தார். நாகப்பன் முகத்தைப் பார்த்தார். ஜீப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, நாகப்பனை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் சாம்பசிவத்தோடு பேச நீலாவதிக்கு அனுமதி கொடுத்தார்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நாலு நாள் தாடியோடு இருந்தான். நீலாவதி ஒன்றும் சொல்லாமல் போத்தலை எடுத்துக் காட்டினாள்.

அவன் எழுந்தே விட்டான். “அத உள்ள வைங்கம்மா. தங்கச்சி வெளியதான் நிக்கிது. பாத்துடப் போகுது.”

“இதுக்காகத்தான் வாயத் தொறக்கலையா?”

அவன் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. “அவளுக்குத் தலைவலிம்மா, குளிர் வந்தா. வெதுவெதுன்னு எண்ணெ வச்சாத்தான் போகும். அடுப்புல வச்சா பொகை வாடை பிடிக்குதுன்னுவா. அவன் பேட்டரிப் பெட்டி மேல வச்சு, காலையில கொண்டுபோய்க் குடுப்பான். பொண்டாட்டி மேல அம்புட்டு ஆசை. நான்கூட கேலி பண்ணுவேன். அப்புறம் ஒரு நாள் பாக்குறேன், கம்பிய வெளிய எடுத்து மாட்டிட்டு போத்தல உள்ள வச்சிருக்கான். எடுத்து வீசிட்டு, கம்பியத் திரும்பச் சொருவிட்டு, இன்னொரு தடவ இதுல கைய வச்சா நீ செத்துத்தான் போவேன்னு கத்துனேன். சனங்களுக்குக் கடைசி வார்த்தைதான் கேட்டுச்சு. அவன் சிரிச்சான்.”

“பிறகும் ஏன் வச்சான்?”

“மறுநாள் மூடி மேலேயே வச்சு எடுத்துட்டுப் போனான். எண்ணெ சரியா உருகல. பாதி கட்டியா இருக்கு, இத எப்படித் தேய்க்கிறதுன்னு இவ சலிச்சுக்கிட்டா. நான் அப்ப அங்கதான் கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்குச் சாயந்தரம் அவன் திரும்ப...” நெற்றியை லாக்கப் கம்பியில் சாய்த்துக்கொண்டான். “நான் சொன்னேன்னு வைங்க, அந்த வார்த்தைய அவ மறக்கவே மாட்டா. நான் உள்ள இருந்தா என்னத் திட்டிக்கிட்டாவது உயிரோட இருப்பா.”

இருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதற்கெல்லாம் வேடிக்கையாக ஏதாவது சொல்வதுதான் அவன் வேலை. இப்போது சுவரிலிருந்த நோட்டீஸைப் படித்தான்.

“அவ எங்கிட்டக் கேட்டது உண்மைய” என்றாள் நீலாவதி.

“நாளைக்குச் சொல்லுங்கம்மா. உங்க கால்ல விழறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்.”

நீலாவதி போத்தலை இருளப்பனிடம் நீட்டினாள். “கோட்டுக்குள்ள வை. நாளைக்குக் காலையில நானே இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்படைச்சு, அவகிட்டயும் பேசுறேன்.” இருளப்பன் அதைக் கோட்டின் உள்பையில், சட்டையோடு ஒட்டி, பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டான்.

எழுத வேண்டியதை எழுதி முடித்துச் சாம்பசிவத்தை வெளியே விடும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் செல்லம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. ரெண்டில் எது என்று தெரிவதற்கு முன்பே சோறு பொங்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அழவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, தட்டை வைத்து, குழம்பை ஊற்றினாள்.

“சாப்புடுண்ணே.”

அவன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். விழுங்க முடியாமல் மென்றுகொண்டே இருந்தான்.

“நாகப்பன்தான் வயர அறுத்தாராம். கம்பிய ஜன்னல்ல மாட்டிட்டாங்களாம். அந்தப் போலீஸ்காரத் தம்பி சொல்லுச்சு” என்றாள். “யாரு மாட்டுனதுன்னு கேட்டேன். அதுக்குத் தெரியலையாம். நீங்க சொல்லுங்கம்மா.”

“நாளைக்கு வீட்டுக்கு வரேன் செல்லம். உக்காந்து பேசுவோம்.”

செல்லம் தலையாட்டினாள். பிறகு இருளப்பன் பக்கம் திரும்பினாள். “அவரு சாமான் ஏதும் கெடைச்சுதாண்ணே?”

டார்ச்லைட்டையும் நசுங்கிய டப்பாவையும் கொடுத்தான். அவள் டப்பாவை முந்தானையால் துடைத்தாள்.

“போத்தலு?”

“அது... உடைஞ்சிருக்கும் தங்கச்சி. அந்த வெடியில கண்ணாடி எங்க தப்பும்?”

வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவன். ஒரே ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அன்றைக்குப் போதும். சொல்லித்தான் இருந்தான். அவள் நம்பியும் விட்டாள். குனிந்து குழம்புக் கரண்டியை எடுக்கப் போனவள், பாதியில் நின்று, மூச்சை இழுத்தாள். நிமிர்ந்து அவன் கோட்டைப் பார்த்தாள்.

இருளப்பனும் குனிந்து பார்த்தான். நெஞ்சுப் பக்கம் கோட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. மழை ஈரம் இல்லை. உடம்புச் சூட்டில் எண்ணெய் உருகி, துணியடைப்பு வழியாகக் கசிந்து, வராந்தா முழுக்க வெந்தயமும் கறிவேப்பிலையும் மணந்துகொண்டிருந்தன.

அவள் கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

நீலப்பூத் துணியைத் தடவிப் பார்த்தாள். “எங்க கெடைச்சுது?”

நீலாவதி ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். செல்லம் அண்ணனைப் பார்த்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் சோற்றில் விழுந்தது.

“கம்பி இருந்த எடத்துலயாண்ணே?”

அவன் நிமிரவில்லை.

செல்லம் போத்தலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது.

“முழுசா உருகிடுச்சு” என்றாள். “இன்னைக்குக் கட்டியே இல்ல.”